மெதுந்தீயில் வேகும் இறைச்சி



மலைநாட்டுத் தோட்டங்களில் வாழும் குடும்பங்கள் பலவற்றில் இறைச்சி சமைக்கும் நாள் அடிக்கடி வருவதன்று. சம்பளம் கிடைத்தபின் வரும் ஞாயிற்றுக்கிழமை, நத்தார், புத்தாண்டு, கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் வீடு திரும்பும் நாள் என எண்ணிச் சொல்லக்கூடிய சில நாள்களிலேயே அடுப்பில் இறைச்சிச் சட்டி ஏறுகின்றது. அத்தகைய நாளில் வாங்கிய ஒரு கிலோ இறைச்சி பல்லுக்கு அடங்காத தோலைப் போல் ஆகிவிட்டால், கெடுவது ஒரு வேளை உணவு மட்டுமன்று. உழைத்துப் பெற்ற பணமும், எரித்த விறகும், வீட்டிலுள்ளோரின் எதிர்பார்ப்பும் சேர்ந்தே வீணாகின்றன. பல்லிழந்த பாட்டியும் பாற்பல் விழுந்த பேரனும் குழம்பை மட்டும் சோற்றில் ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவர்.

ஆகவே, பன்றி இறைச்சியை மரக்கறிகளுடன் சேர்த்து மெதுந்தீயில் மென்மையாக வேகவைக்கும் முறையைப் பற்றி இன்று சிறிது விளக்கிச் சொல்ல விரும்புகின்றேன். சமய ஒழுக்கத்தாலோ குடும்ப வழக்கத்தாலோ இவ்விறைச்சியை உண்ணாத நேயர்கள் பலர் உளர். அவர்கள் இவ்வுரையைத் தமக்குரியதன்று என்று விட்டுவிட வேண்டியதில்லை. இங்கு கூறப்படும் விதிகளிற் பெரும்பாலானவை ஆட்டிறைச்சிக்கும் பொருந்தும்; மரக்கறியைப் பற்றிய பகுதியோ எல்லோருக்கும் பொதுவானது. நான் கலைப் பட்டதாரி. விஞ்ஞானத்தை முறையாகக் கற்றவன் அல்லேன். எனினும், அடுப்படியில் நாள்தோறும் நிகழும் காரியங்களுக்குக் காரணம் கேட்கும் உரிமை எல்லோர்க்கும் உண்டு அன்றோ?

முதலில், இறைச்சி ஏன் கடினமாகின்றது என்பதை அறிதல் வேண்டும். இறைச்சியில் இரண்டு வகைப் பொருள்கள் கலந்திருக்கின்றன. ஒன்று தசைநார், மற்றொன்று அத்தசைநார்களைக் கட்டுக் கட்டாகப் பிணைத்து நிற்கும் தொடுப்பிழையம். தசைநார் வெப்பம் பட்டவுடன் சுருங்குகின்றது. 50 பாகை செல்சியசைத் தாண்டியதும் தொடங்கும் இச்சுருக்கம், 70 பாகையை அணுகும்போது மிகுந்து, பிழிந்த துணியைப் போல் தன்னுள் இருந்த நீரை வெளியேற்றிவிடுகின்றது. தொடுப்பிழையத்தில் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் இயல்போ வேறு. நீரும் வெப்பமும் நீண்ட நேரம் கிடைத்தால் அது சிறிது சிறிதாகக் கரைந்து ஜெலற்றின் என்னும் வழவழப்பான பொருளாக மாறுகின்றது. 70 பாகைக்கு மேல் இம்மாற்றம் மெல்ல நிகழ்கின்றது. 80, 90 பாகைகளில் விரைவு பெறுகின்றது. ஆயினும் எவ்வளவு விரைந்தாலும் அது நிமிடக் கணக்கில் முடிவதன்று. மணிக் கணக்கில் முடிவது.

இதிலிருந்து விளங்குவது யாது? இறைச்சி முதலிற் கடினமாகி, பின்னரே மென்மையாகின்றது. அடுப்பில் ஏற்றி அரை மணி நேரம் சென்றபின் ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்ப்பவர், அது முன்னிலும் கடினமாய் இருக்கக் கண்டு திகைப்பார். உடனே விறகை அள்ளிச் செருகித் தீயை மூட்டுவார். நீர் கொதித்துக் கொந்தளிக்கும், ஆவியாகி வற்றும், இறைச்சி மேலும் உலரும். அந்த நேரத்தில் வேண்டியது பெருந்தீயன்று, பொறுமையே. பதறாத காரியம் சிதறாது என்பது அடுப்படிக்கும் ஏற்ற பழமொழி.

இவ்வுண்மையை மேல்நாட்டு அறிஞர் ஒருவரும் தற்செயலாகவே கண்டார். ரம்போர்டு பிரபு எனப் பெயர்பெற்ற பெஞ்சமின் தொம்சன், கிழங்கு உலர்த்துவதற்காகத் தாம் அமைத்த அடுப்பினுள் ஓர் ஆட்டின் முன்சந்தை வைத்துச் சோதித்தார். சில மணி நேரத்தில் அது வேகாமையால், சோதனை பலிக்கவில்லை என்று கருதி இரவு முழுவதும் உள்ளேயே விட்டுவிட, காலையில் அது மிக மென்மையாக வெந்திருக்கக் கண்டு வியந்தார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் எழுதிய கட்டுரையில் இச்செய்தி காணப்படுகின்றது. தோட்டத்து அடுப்பில் தணலை ஒதுக்கிச் சட்டியை அதன்மேல் நெடுநேரம் வைத்த நம் பாட்டிமார், கட்டுரை எழுதாமலே இதை அறிந்திருந்தனர்.

அடுத்து, மலைநாட்டுக்கே உரிய ஒரு செய்தி. கடல் மட்டத்தை ஒட்டிய கொழும்பில் தண்ணீர் 100 பாகையிற் கொதிக்கின்றது. ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் உள்ள ஹற்றனில் அது சுமார் 96 பாகையிலேயே கொதித்துவிடுகின்றது. 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவிலோ கொதிநிலை ஏறத்தாழ 94 பாகை மட்டுமே. உயரம் ஏற ஏற வளியமுக்கம் குறைவதே இதற்குக் காரணம். தீயை எவ்வளவு பெருக்கினாலும், திறந்த சட்டியில் உள்ள நீர் அந்த எல்லையைத் தாண்டி வெப்பம் அடையாது. ஆகவே கொழும்பு நகரத்தார் எழுதிய சமையற் குறிப்பில் ஒன்றரை மணி நேரம் என்றிருந்தால், கந்தப்பளையிலும் இறாகலையிலும் கால் மணி முதல் அரை மணி நேரம் வரை கூடுதலாக ஒதுக்கவேண்டும். “எங்கள் வீட்டில் இறைச்சி வேகமாட்டேன் என்கிறது” என்று குறைப்படும் மருமகள் மீது பழி போடுவதற்கு முன், மலையின் உயரத்தையும் சற்றே நினைத்துப் பார்த்தல் நீதியாகும்.

பிரஷர் குக்கர் உள்ள வீடுகளில் இந்தத் தடை பெரிதும் நீங்குகின்றது. ஆவியை வெளியேறவிடாது அடைப்பதால் அதனுள் அமுக்கம் மிகுந்து, கொதிநிலை 110 பாகைக்கு மேலே செல்கின்றது. 1679ஆம் ஆண்டில் டெனிஸ் பப்பன் என்ற பிரெஞ்சு அறிஞர் கடினமான எலும்பையும் மென்மையாக்கும் பாத்திரம் ஒன்றைச் செய்தார். இன்றைய குக்கருக்கு அதுவே முன்னோடி. குக்கரில் இறைச்சி அரை மணி நேரத்தில் வெந்துவிடும். ஆனால் மரக்கறியை இறைச்சியுடன் சேர்த்து அதனுள் இட்டால் குழைந்துபோகும். எனவே இறைச்சியை முதலில் வேகவைத்து, அமுக்கம் தானாகத் தணிந்தபின் திறந்து, மரக்கறியைப் பின்னர் சேர்த்துத் திறந்த பாத்திரமாகவே சமைத்தல் நன்று.

இனி, வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. நெடுநேரம் வேகும் சமையலுக்கு முன்சந்து, கழுத்துப்புறம், கொழுப்பும் தசையும் அடுக்கடுக்காய் அமைந்த வயிற்றுப்பகுதி ஆகியவை சிறந்தவை. இவை நடந்தும் தாங்கியும் உழைத்த தசைகள், தொடுப்பிழையம் மிகுந்தவை, ஆகவே பொறுமையாகச் சமைத்தால் குழம்புக்குக் கெட்டித்தன்மையும் சுவையும் தருபவை. முதுகுப் பக்கத்துக் கொழுப்பற்ற தசை பார்வைக்கு அழகாயிருப்பினும், இச்சமையலில் உலர்ந்துபோகும். விலை குறைந்த பகுதியே இங்கு மேலானதாக அமைவது சிக்கனமான குடும்பத்துக்கு ஒரு நற்பேறு.

பரிசோதிக்கப்பட்ட இறைச்சியை, அனுமதி பெற்ற கடையிலேயே வாங்கவேண்டும். தசையினுள் அரிசிமணி போன்ற வெண்ணிறக் கொப்புளங்கள் காணப்பட்டால் அதனை வாங்கலாகாது; அவை நாடாப்புழுவின் இளநிலைகளாய் இருக்கலாம். 2024ஆம் ஆண்டில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்னும் நோய் இலங்கையிலும் பரவிப் பல பண்ணைகளுக்கு இழப்பை விளைத்தது. அந்நோய் மனிதரைத் தொற்றுவதன்று. ஆனால் பச்சை இறைச்சிக் கழிவு பன்றிகளுக்கு இரையானால் அதன்வழி நோய் பரவும். லயத்தின் பின்புறத்தில் பன்றி வளர்க்கும் குடும்பங்கள் சமையற் கழிவில் இறைச்சித் துண்டுகளைக் கலந்து அவற்றுக்கு இடாதிருத்தல் வேண்டும்.

இப்போது செய்முறைக்கு வருவோம். ஆறு பேர் உண்ணும் அளவைச் சொல்கின்றேன்.

எலும்பு நீக்கிய, சிறிது கொழுப்புள்ள முன்சந்து இறைச்சி ஒரு கிலோ. அதனை ஒன்றரை அங்குலத் துண்டுகளாக நறுக்கிக்கொள்க. உப்பு இரண்டு தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, இடித்த மிளகு ஒரு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைத் துண்டுகளிற் பிசிறி அரை மணி நேரம் வைக்கவும். பெரிய வெங்காயம் இரண்டு, உள்ளிப் பூண்டு எட்டுப் பல், இரண்டு அங்குல இஞ்சி, வறுத்த கறித்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, ஒரு துண்டு கறுவா, ஏலம் மூன்று, கராம்பு மூன்று, கறிவேப்பிலை, ரம்பை, கொறுக்காய் மூன்று சுளை ஆகியவற்றையும் ஆயத்தமாக வைத்துக்கொள்க. மரக்கறியில் உருளைக்கிழங்கு 400 கிராம், கரட் 250 கிராம், போஞ்சி 150 கிராம், லீக்ஸ் இரண்டு தண்டு போதுமானவை. போஞ்சிக்குப் பதிலாக நோக்கோலும் சேர்க்கலாம்.

இம்மரக்கறிகளைச் சொல்லும்போது ஒரு வரலாற்றுச் செய்தி நினைவுக்கு வருகின்றது. 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், குளிர்நாட்டுப் பயிர்களையும் கால்நடைகளையும் இங்கு வளர்க்க முற்பட்டார். அவருக்குப் பின் பலர் கைப்பட்டு, இன்று கரட், லீக்ஸ், கோவா, பீட்றூட் முதலியவை நாடு முழுவதற்கும் மலைநாட்டிலிருந்து செல்கின்றன. லயத்தை அடுத்த சிறு துண்டு நிலத்தில் தோட்டத் தொழிலாளரும் அவற்றைப் பயிரிடுகின்றனர். தம் கையாற் பயிரிட்டதைத் தம் பிள்ளைகளின் தட்டிலும் காண்பது அவர்களுக்கு உரிய இன்பமன்றோ?

அடிகனத்த சட்டியைச் சூடாக்கி, கொழுப்பு மிகுந்த துண்டுகளை முதலில் இடுக. எண்ணெய் தனியே வேண்டியதில்லை. இறைச்சியின் கொழுப்பே உருகி வரும். மற்றத் துண்டுகளைச் சிறிது சிறிதாக இட்டு, எல்லாப் பக்கமும் செந்நிறம் பெறும்வரை வதக்குக. ஒரே முறையிற் சட்டியை நிறைத்தால் நீர் விட்டு அவியுமேயன்றிச் சிவக்காது. இவ்வாறு வதக்குவது இறைச்சியின் சாற்றை உள்ளே அடைத்து வைக்கும் என்று 1847இல் லீபிக் என்ற செருமானிய இரசாயன அறிஞர் கருதினார். அக்கருத்துப் பிழையென்பது பின்னர் சோதனைகளால் தெளிவாயிற்று. வதக்குவதன் பயன் மணமும் நிறமுமே. அவ்விரண்டும் சிறிய பயன்கள் அல்ல.

சிவந்த துண்டுகளை ஒதுக்கி, எஞ்சிய கொழுப்பில் வெங்காயம், உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை, ரம்பை, வாசனைப் பொருள்கள் ஆகியவற்றை வதக்கி, கறித்தூளையும் கொறுக்காயையும் சேர்க்கவும். இறைச்சியைத் திரும்ப இட்டு, இரண்டு கோப்பை வெந்நீர் ஊற்றுக. நீர் இறைச்சியை மூழ்கடிக்க வேண்டியதில்லை; பாதி உயரம் நின்றாற் போதும். ஒரு முறை நன்றாகக் கொதித்ததும் தீயைக் குறைத்து, இறுக்கமாக மூடிவிடுக. மூடி சரியாகப் பொருந்தாவிட்டால், ஒரு வாழையிலையை வாட்டிச் சட்டியின் வாயில் இட்டு அதன்மேல் மூடலாம். எழும் ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து மீண்டும் சட்டிக்குள்ளேயே விழும். நீரின் மேற்பரப்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குமிழி எழுந்தாற் போதும். அதுவே தீயின் அளவுக்கு அடையாளம்.

ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளில் இந்நிலையில் ஒன்றரை மணி நேரம் விடவேண்டும். அரை மணிக்கு ஒருமுறை அடிபிடிக்காமல் கிளறி, வேண்டுமாயின் சிறிது வெந்நீர் சேர்க்கலாம். இறைச்சி அகப்பையின் அழுத்தத்துக்குச் சற்றே இணங்கும் நிலையில் மரக்கறிக்கு நேரம் வந்தது என்று அறிக.

மரக்கறியை இடுவதிலும் ஒரு வரிசை உண்டு. அதன் சுவர்களைக் கட்டி நிறுத்தும் பெக்டின் என்னும் பொருள், புளிப்பான நீரில் எளிதிற் கரைவதில்லை. கொறுக்காயின் புளிப்பு உள்ள குழம்பில், வெறும் நீரில் வேகுவதைவிட உருளைக்கிழங்குக்கும் கரட்டுக்கும் கூடுதலான நேரம் வேண்டும். எனவே அவ்விரண்டையும் பெரிய துண்டுகளாக முதலில் இட்டு, முப்பது நிமிடம் வேகவிடுக. பின்னர் போஞ்சி பதினைந்து நிமிடம். லீக்ஸை இறுதியாக இட்டு, ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடலாம். லீக்ஸின் மடல்களுக்கிடையே மண் தங்கியிருக்கும். நெடுக்காகப் பிளந்து ஓடும் நீரிற் கழுவுதல் வேண்டும். ஒவ்வொரு மரக்கறியும் தன் உருவும் சுவையும் கெடாது, இறைச்சியும் விரலால் பிரியும் மென்மையில் இருப்பின், சமையல் நிறைவேறிற்று. மேலே மிதக்கும் கொழுப்பை அகப்பையால் வாரி எடுத்துவிட்டுப் பரிமாறுக. சோற்றுக்கும் ரொட்டிக்கும் அது பொருந்தும்.

விறகைப் பற்றியும் ஒரு சொல். 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிவாயு கிடைக்காமல் மக்கள் நீண்ட வரிசைகளில் நின்றதை நாம் மறக்கவில்லை. இரண்டு மணி நேரச் சமையல் வசதியுள்ளவர்க்கே உரியது என்று சிலர் எண்ணலாம். அவர்களுக்கு ஒரு வழி உண்டு. இறைச்சியை முக்கால் மணி நேரம் அடுப்பில் வேகவைத்து, நன்கு கொதிக்கும் நிலையில் மூடியோடு இறக்கி, வைக்கோலும் பழைய கம்பளியும் திணித்த பெட்டியினுள் ஒரு மணி நேரம் புதைத்து வைக்கலாம். உள்ளிருக்கும் வெப்பமே வேலையைத் தொடர்ந்து செய்யும். பின்னர் எடுத்து மீண்டும் நன்றாகக் கொதிக்கவைத்தே மரக்கறி சேர்க்கவேண்டும். அடுப்புக்கோ, கவ்வாத்தில் வெட்டிய மிலாறு நன்கு காய்ந்திருந்தால் தணல் நிலைத்து நிற்கும். ஈரவிறகு புகையையே தரும், அப்புகை சமைப்பவரின் நெஞ்சுக்குக் கேடு. குளிருக்காகத் தணற் சட்டியைக் கதவடைத்த படுக்கை அறைக்குள் கொண்டுசென்று வைக்கும் வழக்கம் எங்கேனும் இருப்பின், அதனை இன்றே விட்டுவிடுக. தணலிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவோரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

மீந்த கறியை, இரவு குளிராயிருக்கின்றதே என்று அடுப்படியில் விடிய விடிய வைத்தல் தகாது. இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் முழுதும் கொதிக்கவைத்து உண்ணலாம். பெட்டியில்லாத வீட்டார் அவ்விரவே உண்டு முடிக்கும் அளவுக்குச் சமைத்தல் நலம்.

இறுதியாக, பரிமாறுதலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவே எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகின்றது. பன்றி இறைச்சியில் பி1 என்னும் உயிர்ச்சத்து மிகுதியாக உண்டு. உடல் எளிதில் ஏற்கும் இரும்புச்சத்தும் உண்டு. வீட்டில் இச்சத்து அதிகம் வேண்டியவர் யார்? மாதந்தோறும் குருதி இழக்கும் பெண்கள், கருவுற்ற தாய்மார், வளரும் பிள்ளைகள் ஆகியோரே. ஆனால் நம் வழக்கம் என்ன? ஆண்களுக்கு முதலில் நல்ல துண்டுகள். பிறகு ஆண் பிள்ளைகள். பெண் பிள்ளைகள் அதற்குப் பின். நாள் முழுவதும் மலையில் நின்று கொழுந்து பறித்து, வந்து அடுப்பும் மூட்டிய தாய்க்குச் சட்டியின் அடியில் ஒட்டிய குழம்பு. பள்ளியில் முற்பகலிலேயே சோர்ந்து மேசையிற் சாயும் மாணவிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகின்றேன். சோர்வுக்குக் காரணம் பலவாயினும், தட்டில் விழும் பங்கும் அவற்றுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. மென்மையாக வெந்த இறைச்சியைச் சட்டி இறக்கியவுடனே ஆறு தட்டுகளில் எண்ணிப் பங்கிடுங்கள். தாயின் தட்டும் அவற்றுள் ஒன்றாக இருக்கட்டும்.

சாப்பாட்டுடனே சாயத்தண்ணீர் அருந்தும் வழக்கமும் மாறவேண்டும். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள், சோறு, கீரை, பருப்பு ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்காமல் தடுக்கின்றது. உலகத்துக்கே தேயிலை தரும் நம் மக்கள், அதனை உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்துப் பருகினால் அதன் சுவையும் குறையாது, உணவின் சத்தும் கெடாது. அதற்குப் பதிலாகத் தட்டின் ஓரத்தில் ஒரு துண்டு தேசிக்காய் வைத்துப் பிழிந்துகொண்டால், அதன் சி உயிர்ச்சத்து இரும்பு உடலிற் சேர உதவும்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் இரண்டு மணி நேரம் அடுப்பைக் காப்பது கடினமான வேலையன்று. கிளறுவதும், நீர் பார்ப்பதும், கிழங்கு தோலுரிப்பதும் தந்தையாரும் பிள்ளைகளும் செய்யக்கூடியவையே. வாரத்தில் ஆறு நாள் உழைத்த கைகளுக்கு அந்த இரண்டு மணி நேரமாவது ஓய்வு கிடைத்தால், அன்றைய உணவு முன்னிலும் சுவைக்கும்.